சத்தம் போடாத விமானமும் முப்பத்திரண்டு மணிகளும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதிக்கவில்லை. ஒரு பசுவின் கழுத்தருகே உதித்தது. இப்போதும் அங்கேதான் நிற்கிறேன். இடது கையில் பசுவின் மணி, வலது கையில் பென்சில், பசுவின் முதுகில் நோட்டு. காரணம் வரும், பொறுங்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஆல்ப்ஸ் சிகரங்களின் மேல் பொன்னிறக் கதிரவன்—'

அடித்துவிட்டேன். இந்தப் பள்ளத்தாக்கில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். கதிரவனை யார் நிமிர்ந்து பார்த்தார்கள்?

அடுத்து: 'செரைனா கடூஃப் ஒரு மேதை—'

வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரியை மேதை என்று எழுதிவிட்டால் அப்புறம் அவளிடம் போய் இரண்டு முட்டை கேட்க முடியாது.

மூன்றாவது தேறியது. செரைனா ஒரு கொட்டகையில் ஆறு வருஷம் உழைத்து, பேட்டரியில் பறக்கும் குட்டி விமானம் ஒன்றைச் செய்தாள். இரண்டு பேர் உட்காரலாம். நன்றாகவே பறக்கிறது. (நானும் ஏறினேன். வாந்தி எடுத்த பகுதியை நீக்கிவிட்டேன்.) ஆனால் சத்தச் சான்றிதழ் இல்லாமல் விற்க முடியாது. அதற்காகத்தான் தலைநகர் பெர்னிலிருந்து அதிகாரி ப்ரூக்கர் இன்று வந்தார். இன்று தவறினால் பனி விழுந்துவிடும். அடுத்த சோதனை மே மாதம். கொட்டகையோ வாடகைக்கு எடுத்தது, டிசம்பரோடு கைவிட்டுப் போகிறது.

3

காலையில் விமானம் தலைக்கு மேல் ஒருமுறை போனது. ப்ரூக்கர் தன் கருவியைத் தட்டிப் பார்த்தார். செரைனா இறங்கி ஓடிவந்தாள்.

"எவ்வளவு சார்?"

"எதைம்மா அளக்கறது? மாட்டு மணிதான் கேக்குது."

"விமானம் கேக்கலைன்னா நல்லதுதானே?"

"கேட்டாத்தானே எவ்வளவு கம்மின்னு எழுத முடியும்? சுத்துப்பட்டுச் சத்தம் விமானத்தைவிடக் குறைவா இருக்கணும். விதி அப்படி."

பக்கத்து மேய்ச்சலில் முப்பத்திரண்டு பசுக்கள், முப்பத்திரண்டு மணிகள். சொந்தக்காரர் ஜியோன் டுவோர்.

4

கதைக்கு வில்லன் கிடைத்துவிட்டான் என்று மகிழ்ந்தேன். பள்ளத்தாக்கின் மேல் போகிற விமானங்களின் சத்தம் தாங்கவில்லை என்று ஒன்பது வருஷமாக மாதம் ஒரு கடிதம் பெர்னுக்கு எழுதுகிறவர் ஜியோன். (பிரித்துப் படிப்பவர் ப்ரூக்கர். கையெழுத்து அவருக்கு மனப்பாடம்.)

"மாமா, ஒரு அரை மணி நேரம் மணிச் சத்தத்தை நிறுத்தலாமா?" என்றாள் செரைனா.

ஜியோன் சிரித்த சிரிப்பில் இரண்டு பசுக்கள் திரும்பிப் பார்த்தன.

"ஒம்போது வருஷம் கத்தினேன், ஒருத்தன் கேக்கலை. இப்ப என் மாடு வாயைப் பொத்தணுமா?"

"நான் கேட்டேனே மாமா! நீங்க கத்தினதுக்குப் பதில்தான் இந்த விமானமே."

[இங்கே ஜியோன் மனம் உருகிக் கண்களைத் துடை— இல்லை. அவரை எனக்குத் தெரியும்.]

கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "எல்லாம் இப்படிச் சத்தமில்லாம ஆயிட்டா, அப்புறம் நான் யாருக்குடி கடுதாசி எழுதுறது?"

கேட்டுவிட்டுக் குனிந்தார். ஒரு பிடி புல்லைப் பிடுங்கி முதல் மணிக்குள் அடைத்தார்.

போச்சு, என் வில்லன்.

5

முப்பத்தொரு மணிகள் அடங்கின. மீதி ஒன்று, மந்தைத் தலைவி ஃபியோராவுடையது. பானை அளவு மணி, புல் நிற்கவில்லை. கழற்றினால் அவள் ஊரைக் கூட்டுவாள்.

"நீ சும்மாதானேய்யா நிக்கிறே? மணி நாக்கைப் பிடி," என்றார் ஜியோன். "எழுதுற கைதானே, வலிக்காது."

விமானத்தின் பேட்டரி ஏறும்வரை எனக்கு ஒத்திகை. ஒரு மணி நேரமாகப் பிடித்திருக்கிறேன். ப்ரூக்கருக்கு நாலரைக்கு ரயில். இனி ஒரே ஒரு சுற்றுதான்.

6

முடிவு ஒன்று: சான்றிதழ் கிடைக்கிறது. (தொடர்கதை வாசகர்கள் நம்பமாட்டார்கள்.)

முடிவு இரண்டு: ஃபியோரா தும்முகிறாள். (பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். செரைனா என்னோடு பேசமாட்டாள்.)

மூன்றாவதை யோசிப்பதற்குள் கொட்டகைப் பக்கம் ப்ரூக்கர் கை தூக்கிவிட்டார். ஜியோன் காதுக்குப் பின்னால் கையை வைத்து வானத்தைத் துழாவுகிறார்.

"கிளம்பிட்டாளா? எனக்கே கேக்கலையேய்யா!"

குரலில் ஏமாற்றமா பெருமையா என்று எழுதலாமென்றால், ஃபியோரா நகர்கிறாள், நோட்டு சரிகிறது, எனக்கு இரண்டு கையும் வேண்டும்.

வாசகரே, இந்த மணி நாக்கைக் கொஞ்சம் பிடியுங்கள். இறுக்கமாக. அவளுக்குக் கழுத்து அரிக்கிற நேரம்.