பலகை ஊறும்வரை

“சொட்டுதா?” என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து அப்பா கேட்டார்.

மூத்தவள் முக்காலியில் ஏறி நின்று ஹோஸ் குழாயைப் படகுக்குள் பிடித்திருந்தாள். குனிந்து அடியில் பார்த்தாள்.

“சொட்டுதுப்பா. நேத்தைக்கு இன்னிக்குப் பரவாயில்ல.”

“பரவாயில்லையான்னா கேட்டேன்? சொட்டுதா, இல்லையா?”

“சொட்டுது.”

“அதைச் சொல்றதுக்கு உனக்கென்ன கேடு?”

மூச்சு விடவே திணறுகிற மனுஷனுக்குத் திட்டுவதற்கு மட்டும் எங்கிருந்துதான் காற்று கிடைக்கிறதோ! நுரையீரல் முழுக்கப் பெயிண்ட் தூசிதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் கட்டிலை ஷெட்டை ஒட்டிய அறைக்கு இழுக்கச் சொன்னார் அப்பா. ஜன்னலைத் திறந்தால் படகின் வயிறு தெரியும். “அதுல தண்ணிய விடு. ஒழுகாம நிக்குதான்னு பார்த்துட்டுத்தான் போவேன்” என்றார். சாவுக்கே நிபந்தனை போட்ட ஆள் அவர் ஒருத்தராகத்தான் இருக்கும்.

பழைய மரப்படகு அது. மூடிப்போன ஏரிக்கரை ஓட்டலின் பின்பக்கம் கவிழ்ந்து கிடந்ததை, எடுத்துக்கொண்டு ஒழிந்தால் போதும் என்று சும்மாவே கொடுத்துவிட்டார்கள். வருஷக்கணக்காகக் காய்ந்த பலகை சுருங்கி, பலகைக்குப் பலகை இடைவெளி விட்டிருந்தது. உள்ளே தண்ணீர் விட்டு ஊறப்போட்டால் மரம் உப்பி இடுக்குகள் மூடிக்கொள்ளும். உள்ளே விட்ட தண்ணீர் வெளியே வராவிட்டால், வெளித் தண்ணீரும் உள்ளே வராது. அதற்குத்தான் முந்தாநாளிலிருந்து இந்த அபிஷேகம்.

அப்பா கார் டிங்கரிங் செய்தவர். நசுங்கிய வண்டியைத் தட்டி நிமிர்த்தி, பள்ளத்தில் பட்டி பூசித் தேய்த்துப் பெயிண்ட் அடிப்பார். வேலை சுத்தமான வேலை, அதில் யாரும் குறை சொல்ல முடியாது. வாய்தான் அப்படி. படகுக்கென்று தனியாகச் செலவழிக்க வழியில்லாததால், பட்டறையில் மிஞ்சியதெல்லாம் அதன்மேல் ஏறியது. இடித்து நொறுங்கிய வேனின் என்ஜின், கழித்துக் கட்டிய பஸ்ஸின் ரெக்சின் சீட், யாரோ வேண்டாமென்று விட்டுப்போன கல்யாணக் காரின் சிவப்புப் பெயிண்ட்.

இடுக்குகளை அடைக்கும்போதுதான் மூத்தவள் வாயைத் திறந்தாள். “படகு சாமான் கடையில கேட்டேம்பா. பஞ்சுத் திரி வச்சு, மேல மெத்துனு ஒரு பசை போடணுமாம். மரம் உப்புறப்போ அது நசுங்கி இடம் விடுமாம்.”

“கடைக்காரன் விக்கிறதுக்குச் சொல்வான். பட்டறையில டப்பா டப்பாவா கார் பட்டி கெடக்குது. இரும்புலயே நிக்குது, மரத்துல நிக்காதா?”

“அது கல்லு மாதிரி இறுகிடுமேப்பா.”

“இறுகட்டும். புருஷன் வீட்லயே ஒட்ட முடியாம வந்தவ நீ. எது ஒட்டும் எது ஒட்டாதுன்னு எனக்குப் பாடம் எடுக்கிறியா?”

கார் பட்டியைக் குழைத்து அத்தனை இடுக்கையும் அவள்தான் அடைத்தாள். படகின் அடியில் மல்லாந்து படுத்து, கண்ணில் விழ, மூக்கில் விழ, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். விரல் நுனியில் ரேகை அழிந்து போயிற்று. அப்பா வந்து விரலை ஓட்டிப் பார்ப்பார். ஒன்றும் சொல்லாமல் போனால் அன்றைக்கு நல்ல நாள் என்று அர்த்தம். ‘நல்லா இருக்கு’ என்ற ஒரு வார்த்தைக்காக அவள் எத்தனை காலமாகக் காத்துக் கிடந்தாள் என்று கேட்டால் அவளுக்கே வெட்கமாக இருக்கும். நாற்பதைத் தாண்டியவள், இன்னும் அப்பன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாளே என்று ஊர் சிரிக்கும். சிரித்தால் சிரிக்கட்டும், அவளுக்கு அது வேண்டும். இன்றைக்குத் தண்ணீர் நின்றுவிட்டால் அவர் சொல்லித்தானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

தம்பி தொலைவில் வேலையில் இருந்தான். லீவுக்கு வந்தால் படகோடு நின்று படம் பிடித்துக்கொள்வான். படகு அவனுக்குத்தான் என்று அப்பா எப்போதோ சொல்லியாயிற்று.

வெயில் ஏறியதும் சொட்டு குறைந்தது. கீழே வைத்திருந்த தகரத்தில் ‘டொக்... டொக்’ என்று விழுந்துகொண்டிருந்தது, இழுத்து இழுத்து விழ ஆரம்பித்தது. அம்மா அப்பாவின் உதட்டை ஈரத்துணியால் துடைத்தபடி, “சின்னவன் வண்டி ஏறிட்டானாங்க, சாயங்காலம் வந்துடுவான்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

“பேசாத” என்றார் அப்பா. “சத்தத்தைக் கேக்க விடு.”

மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். தகரத்தில் ஒன்று விழுந்தது. அடுத்தது விழும் விழும் என்று பார்த்தார்கள், விழவில்லை.

“நின்னுடுச்சு” என்றார் அப்பா.

அவர் முகம் அப்படி மலர்ந்து மூத்தவள் பார்த்ததே கிடையாது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள். அப்பா அவளைத் தாண்டி அம்மாவைப் பார்த்தார்.

“பார்த்தியா? சின்னவன் கைவேலை. எம்புள்ள வச்ச பட்டி.”

அம்மா ஒரு நொடி திகைத்தாள். பிறகு, “ஆமாங்க” என்றாள்.

“அவன் இதைத் தொட்டதே இல்லப்பா” என்றாள் மூத்தவள்.

“விடுடி” என்று அம்மா பல்லைக் கடித்தாள். “போற உசிரு. சந்தோஷமாப் போகட்டும். உனக்கு இதுல என்ன குறைஞ்சு போச்சு?”

கட்டில் காலை உதைக்கலாம் போல மூத்தவளுக்கு ஆத்திரம் வந்தது, செத்துக்கொண்டிருக்கிறவரை உதைக்கத் தோன்றுகிறதே என்று பயமும் வந்தது. ஷெட்டுக்கே திரும்பிப் போனாள்.

அப்போதுதான் ‘படார்’ என்று கேட்டது.

எட்டிப் பார்த்தாள். படகின் பலகைகளையெல்லாம் உள்பக்கத்திலிருந்து பிடித்திருக்கும் வளைந்த விலாக்கட்டைகளில் ஒன்று நடுவில் உடைந்து, வெள்ளைச் சிலாம்பு துருத்திக்கொண்டு நின்றது. உப்பிய மரத்துக்கு நகர இடமில்லை. இடுக்கிலிருந்த கார் பட்டி கல்லாக நின்று இடம் கொடுக்க மறுத்தது. பலகைகள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ள, பாவம், விலாக்கட்டை என்ன செய்யும்? அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததும் உடைந்தது.

“என்னது அது?” என்றார் அப்பா.

“கதவுங்க. காத்துல அடிச்சுக்குது” என்றாள் அம்மா.

“கதவா? யார்கிட்ட? கட்டை உடையுதுடி.” தலையைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. கண் மட்டும் ஜன்னலைத் துழாவியது. “யாரு... யாரு வச்ச பட்டி அது?”

அம்மா ஜன்னல் வழியாக மூத்தவளைப் பார்த்தாள். வாயைத் திறக்காதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள். திறக்காமலே இருந்திருக்கலாம். நீங்கள் வைக்கச் சொன்ன பட்டி என்றும் சொல்லியிருக்கலாம், அதுதான் நிஜமும்கூட. ஆனால் அவர் கேட்டது யார் வைத்தது என்று. அப்படி அவர் கேட்பதற்காகவே பிறந்தவள் போல அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“நான்ப்பா. நான் வச்சது. ஒவ்வொரு இடுக்கும் நான்தான் வச்சேன்.”

அப்பா அவளை நன்றாகப் பார்த்தார். அன்றைக்கு அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

“அதானே பார்த்தேன்” என்றார்.

திட்டுகிற குரல்கூட இல்லை அது. தேடிய சாமான் வைத்த இடத்திலேயே கிடைத்துவிட்ட மாதிரி நிம்மதியாகச் சொன்னார். பிறகு மூச்சு இழுத்தது. அம்மா “ஐயோ, ஐயோ” என்று மார்பைத் தடவினாள். மூத்தவள் உள்ளே வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாயங்காலம் தம்பி வந்தான். வாசலில் செருப்புகளோடு செருப்பாகத் தன் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடி, அப்பா காலைக் கட்டிக்கொண்டு அழுதான். நிஜமான அழுகைதான். அழுது ஓய்ந்ததும் வந்தவர்களை ஷெட்டுக்குக் கூட்டிப் போய்ப் படகைத் தட்டிக் காட்டினான்.

“பாருங்க, இவ்வளவு தண்ணி நிக்குது, ஒரு சொட்டு ஒழுகுதா? நானும் அப்பாவும் பார்த்துப் பார்த்துச் செஞ்சது.”

“கடைசி மூச்சு வரைக்கும் உன் கையைத்தான் சொல்லிட்டிருந்தாருப்பா” என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். “எம்புள்ள வச்ச பட்டின்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாரு.”

கேட்டவர்கள் எல்லாம் ‘ச்சு’ கொட்டினார்கள். “இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ள யாருக்குக் கெடைக்கும்” என்றார் ஒருவர். பட்டறையில் அப்பாவோடு வேலை செய்த பெயிண்டர் மட்டும் மூத்தவளின் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் பட்டி இன்னும் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அவளும் அவரைப் பார்த்தாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டு, “ஆமா, நல்ல புள்ளை” என்றார்.

படகுக்குள் இன்னொரு கட்டை உடைந்தது. “என்ன சத்தம்?” என்றான் தம்பி. “கதவு, காத்துல அடிச்சுக்குது” என்றாள் அம்மா.

“சும்மா நிக்காம நாலு நாற்காலி கொண்டாந்து போடேன்டி” என்று மூத்தவள் பக்கம் திரும்பினாள். எல்லாரும் உள்ளே போனார்கள். மூத்தவள் போகவில்லை. படகின் அடியில் புகுந்து, தண்ணீரை வெளியே விடுவதற்கான அடித்துளையில் அடைத்திருந்த தக்கையை இரண்டு கையாலும் பற்றித் திருகிப் பிடுங்கினாள்.

தண்ணீர் முகத்திலடித்துக் கொட்டியது. ஷெட் தரை நிரம்பி, முற்றத்தில் பரவி, வாசலுக்குப் போயிற்று. வந்தவர்களின் செருப்புகள் முதலில் அசைந்தன, பிறகு தரையை விட்டுக் கிளம்பின. உள்ளே அழுகைக்கு நடுவில் யாரோ, “ஐயையோ, செருப்பெல்லாம் போகுது!” என்று கத்தினார்கள். தம்பி வெளியே ஓடி வந்தான்.

“அக்கா, என் ஷூ! அதைப் புடி!”

அவள் கையில் தக்கையோடு நனைந்து நின்றாள். ஷூ கேட்டில் முட்டி, ஒரு சுற்றுச் சுற்றி, மூக்கைத் திருப்பிக்கொண்டு தெருவுக்குள் போயிற்று.