வேதியியல் வகுப்பு நேரம்

மாமியார் கதவைச் சாத்தினால் சத்தமே வராது. கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கதவு சட்டத்தில் பொருந்திய பிறகுதான் மெல்ல விடுவாள். அதன்பின் வீடு முழுக்கக் குரல் இறங்கிவிடும். தொலைக்காட்சி வெறுமனே வாயசைக்கும். "ஷ்ஷ்... அம்மா படிக்கிறா" என்று பேத்தியை அதட்டுவது மட்டும் மற்ற எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்கும். உள்ளே மேசைமுன் இருப்பவளோ, சமையலறையில் ஒரு தட்டாவது விழுந்து உடையாதா, யாராவது ஓடிவந்து கூப்பிட மாட்டார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள்.

நர்சிங்கில் சேர்வதற்கு முன்னால் முடித்தாக வேண்டிய பாடங்கள் சில இருந்தன. உடற்கூறியல், நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல், போதாததற்கு உளவியல். இரண்டு வருஷமாகப் பிரித்துப் படிக்கும்படிதான் கல்லூரி ஆலோசகர் சொன்னார். "எதுக்கு இழுக்கணும்? ஒரே மூச்சுல முடிச்சிடு. ஒரு வருஷம் எல்லாரும் பல்லக் கடிச்சுக்குவோம்" என்றான் கணவன். காலையில் குழந்தையைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்ப ஆள் வேண்டுமே என்று, ரொட்டித் தொழிற்சாலையில் தானே கேட்டு இரவு வேலைக்கு மாறிக்கொண்டான். மகள் வீட்டில் நிம்மதியாக இருந்த மாமியார், முழங்கால் வலியையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினாள். படிக்க ஆசைப்பட்டதென்னவோ இவள்தான். முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருந்தபோது, யாருக்காவது மூச்சு இழுத்தால் நர்சைக் கூப்பிட ஓடுவதோடு தன் வேலை முடிந்துவிடுவது அவளுக்குப் பொறுக்கவில்லை. யாரையும் கூப்பிடாமல் தானே அந்தக் கட்டிலருகில் நிற்க வேண்டும் என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயர் நர்சம்மா.

யாரும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு அவளும் ஏதாவது சொல்லியிருக்கலாம். பாத்திரம் தேய்க்கப் போனால் மாமியார் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வாள். மகளுக்குத் தலைவாரப் போனால், "பாட்டி வாரிட்டாங்கம்மா, நீ போய்ப் படி" என்று அந்த வாண்டே விரட்டும். போய் உட்கார்ந்தால் எலும்புகளின் பெயரும் கிருமிகளின் பெயரும் தலைக்குள் முட்டிக்கொள்ளும். ஒன்றை உள்ளே தள்ளினால் இன்னொன்று வெளியே விழும். ஆய்வக அறிக்கையை முடித்து நிமிர்ந்தால் புள்ளியியல் பயிற்சி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். எல்லாவற்றிலும் மோசம் வேதியியல். பள்ளிக்கூடத்தோடு அதற்குத் தலைமுழுகியவள் அவள். பக்கத்து இருக்கைப் பெண்கள் சூயிங்கம் மென்றபடி போட்டு முடித்த சமன்பாட்டை, அவள் பரீட்சையில் போட்டுப் போட்டு அழித்ததில் தாளே கிழிந்துபோனது.

இடைப்பருவத் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வேதியியல விடறதுன்னா இந்த வாரமே விட்டுடுங்க. அதுக்கப்புறம் விட்டா தோல்வின்னு பதிவாயிடும். நர்சிங் சேர்க்கையில அதான் முதல்ல கண்ணுல படும்."

"இப்ப விட்டா?"

"அடுத்த வருஷம் மறுபடி எடுக்கணும். சேர்க்கையும் ஒரு வருஷம் தள்ளிப் போகும்."

அன்று சாயங்காலம் சொல்லிவிடுவதென்று முடிவு கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாள். கணவன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும்."

ஒரு காலில் மட்டும் ஷூவோடு நிமிர்ந்து பார்த்தான். பகல் தூக்கம் ஒட்டாத கண் செங்கல்லாய்ச் சிவந்திருந்தது. "சொல்லு நர்சம்மா."

"ஒண்ணுமில்ல. பாத்துப் போயிட்டு வாங்க."

"எனக்கென்ன, இந்த வேலை பழகிப்போச்சு. இன்னும் கொஞ்ச மாசம்தானே" என்று மற்ற ஷூவுக்குள் காலை நுழைத்தான்.

மறுநாள் வேதியியலை விட்டாள். வீட்டில் மூச்சு விடவில்லை. வகுப்பு நேரத்துக்குக் கல்லூரி நூலகத்தில் உட்காரப் பார்த்தாள். கூடப் படிப்பவர்கள் கேள்வி கேட்டார்கள். வீட்டுக்குப் போனால் மாமியார் கேட்பாள். கடைசியில் பேருந்து நிலையத்தின் காத்திருப்புக் கூடம் அகப்பட்டது. அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. மற்றப் பாடங்களைப் படிக்கலாமென்று புத்தகம் கொண்டுபோவாள். முதல் பக்கத்திலேயே தலை தொங்கிவிடும். என்றாலும் உடற்கூறியலில் மதிப்பெண் ஏறியது. "பாத்தியா, முட்டி மோதினா எல்லாம் வரும்" என்று கணவன் பூரித்துப்போனான். அந்தப் பூரிப்பைப் பார்த்தபின் வாய் இன்னும் இறுகிக்கொண்டது.

ஒருநாள் விழித்தபோது பக்கத்து இருக்கையில் யாரோ முழங்காலை நீவிக்கொண்டிருந்தார்கள். மாமியார்.

"எழுப்ப வேண்டாம்னு பாத்தேன்" என்றாள். "வகுப்பு இல்லையா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. "அந்தப் பாடத்த விட்டுட்டேன் அத்தை. போன மாசமே."

"அப்ப இந்த வருஷம் சேர முடியாது."

"முடியாது."

"அவனுக்குத் தெரியுமா?"

இல்லையென்று தலையசைத்தாள். நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. மாமியார் முழங்காலை விட்டுவிட்டுப் பேருந்துகளைப் பார்த்தாள்.

"நீங்க எங்க அத்தை இங்க?"

"மக ஊருக்கு எப்பப்ப வண்டி இருக்குன்னு கேக்க வந்தேன்." கொஞ்சம் கழித்து, "போறதுக்கில்ல. சும்மா, கேட்டு வச்சுக்கலாம்னு" என்றாள். "அவ கூப்பிட்டுட்டே இருக்கா. இந்த வருஷத்தோட முடிஞ்சிடும், முடிஞ்சிடும்னு நானும் தள்ளிட்டு வரேன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நீ படிக்கிற பொண்ணு. உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

ஒரு வண்டி உறுமிக்கொண்டு கிளம்பிப்போனது. இருவரும் அதன் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நான் உன்னப் பாக்கல. நீயும் என்னப் பாக்கல. முன்னாடி போறேன், நீ வகுப்பு முடியற நேரத்துக்கு வா."

அந்த வாரக் கடைசியில் கணவனுக்கு விடுமுறை. அபூர்வமாக நால்வரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவன் சந்தோஷமாக இருந்தான்.

"வேதியியல் எப்படிப் போகுது? அதப் பத்தி நீ வாயே திறக்கறதில்லையே."

மாமியார் தலை நிமிராமல், "அதெல்லாம் நல்லாத்தான் போகுதாம். நேத்துகூட ஏதோ சொல்லிட்டிருந்தா" என்றாள்.

"என்ன சொன்னா? எனக்கும் சொல்லட்டுமே."

மூன்று முகங்களும் அவள் பக்கம் திரும்பின. வேறு எதுவும் தோன்றாமல், தண்ணீர் டம்ளரை அருகில் இழுத்து ஒரு சிட்டிகை உப்பைப் போட்டாள். கரண்டிக் காம்பால் கலக்கினாள். உப்பு எங்கும் போய்விடவில்லை, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பிரிந்து தண்ணீருக்குள்ளேயேதான் இருக்கிறது என்று, புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் படித்ததை விளக்கினாள். குரல் நடுங்காமல் வந்தது அவளுக்கே ஆச்சரியம். மகள் விரலை விட்டு நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"எவ்ளோ புரியற மாதிரி சொல்றா பாத்தியாம்மா!" என்றான் கணவன்.

"அவளுக்கென்ன" என்றாள் மாமியார். டம்ளரைக் கையிலெடுத்து, விளக்குக்கு நேராக உயர்த்தி, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் அதற்குள் பார்த்தாள்.