கழற்றச் சொன்னவர்கள்

லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த ஆண்டிச்சாமி, ஸ்ரீவில்லிபுத்தூரில் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். உடலை அவனுடைய அண்ணன் மொக்கைச்சாமி சொந்த ஊரான மம்சாபுரத்துக்குக் கொண்டுபோய்விட்டார். ராஜபாளையத்தில் மில் வேலையில் இருந்த அவனுடைய கிறிஸ்தவ மனைவி பரிபூரணம் யூனிபார்மோடு பஸ் ஏறி வந்து இறங்கியபோது, பந்தலே போட்டாகிவிட்டது.

"வேதக்காரி பொணத்தைத் தொட்டாத் தீட்டு. அங்கனயே நில்லு" என்றார் மொக்கைச்சாமி.

இருபத்தோரு வருடம் அவனுக்குச் சோறு போட்டவள் தெருவில் நின்று அழுதாள். பாடையைத் தூக்கும்போது கூட்டத்தின் இடுக்கில் அவன் நெற்றித் திருநீறு மட்டும் தெரிந்தது.

பதினைந்தாம் நாள் அதே மொக்கைச்சாமி போன் செய்தார். "நாளைக்கு விசேஷம். வெள்ளனத்துல வந்துரு. தாலி கழட்டணும்லா."

அன்று மாலையே அவள் போகும் சபையின் பாஸ்டர் ஞானதுரை அவள் வீட்டுக்கு வந்து ஜெபித்தார். பிறகு சொன்னார்: "சபைக்கு வெளிய, ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல வச்சு வேற மதத்துக்காரர் கட்டுன தாலி அது. அதனாலதான் இத்தன வருஷமா உங்களைத் திருவிருந்துல சேக்கல. இப்ப அவரும் இல்ல. கழட்டிட்டு ஞாயித்துக்கிழமை வாங்கம்மா, சேத்துக்கிடுதோம்."

"அவிய செத்தது உங்களுக்குத் தோதாப் போச்சு, இல்லியா ஐயா?"

பாஸ்டர் பைபிளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை மம்சாபுரத்தில் அவளைப் பெண்கள் நடுவே உட்கார வைத்தார்கள். கழுத்துக்கு வந்த கையை அவள் தட்டிவிட்டாள்.

"தொடாதிய. அன்னைக்கு நான் தொட்டாத் தீட்டுன்னிய. இன்னைக்கு என்னையத் தொட்டா உங்களுக்குத் தீட்டு இல்லியா?"

"ஏட்டி, இது ஊர் முறை!" மொக்கைச்சாமி பாய்ந்து வந்தார்.

"அவிய மொகத்தைப் பாக்க வந்தப்ப நான் உங்க ஊர் இல்ல. தாலி அறுக்க மட்டும் உங்க ஊரா மச்சான்? என் புருசன் கட்டுனது இது. நான் கழட்ட மாட்டேன். எவரும் கழட்டவும் கூடாது."

அவர் கையை ஓங்கினார். அவள் நகரவில்லை. ஓங்கிய கை அப்படியே இறங்கியது.

நாற்காலியில் மாலை போட்டிருந்த ஆண்டிச்சாமியின் போட்டோ முன் போய் நின்றாள். வேண்டுமட்டும் பார்த்தாள். எல்லார் காதிலும் விழும்படி "கர்த்தாவே" என்று சொல்லி ஜெபித்தாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்கு நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தாலியைச் சேலைக்கு மேலே எடுத்துப் போட்டுக்கொண்டுதான் சபைக்குப் போனாள். பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். திருவிருந்தின் அப்பத் தட்டு அவளைத் தாண்டிப் போயிற்று. அவள் முழங்கால் போட்டாள்.

"உம்ம மேலயும் எனக்குக் கோவந்தான் ஆண்டவரே" என்றாள் மெதுவாக. "அதுக்காவ எந்திரிச்சுப் போயிருவேன்னு மட்டும் இவிய நினைக்க வேண்டாம்."

கடைசிப் பாட்டு முடியும்வரை அவள் அங்கேயே இருந்தாள்.