எட்டுக் கட்டில் அறையில் இரண்டு அக்கா

உலகத்தில் எல்லாப் பெண்களும் நாத்தனாரோடு சண்டை போடுகிறார்கள். என் தங்கைக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவளும் அவள் நாத்தனாரும் நகமும் சதையுமாகிவிட்டார்கள். போதாக்குறைக்கு அந்த அம்மாளை ‘அக்கா’ என்று வேறு கூப்பிடுகிறாள். புருஷனுக்கு மூத்தவள், முறைப்படி அண்ணி. முறை என்று ஒன்று எதற்கு வைத்திருக்கிறார்கள்?

தங்கையை நான் வாலு என்றுதான் கூப்பிடுவேன். அவள் கல்லூரியில் படித்த நாளிலிருந்து பதினோரு வருஷமாக, வருஷத்துக்கு ஒரு ஊர், மூன்று நாள், நாங்கள் இரண்டு பேர். இருப்பதிலேயே மலிவான டூரிஸ்ட் ஹாஸ்டல், ஓசியில் பார்க்கிற இடங்கள், மற்றபடி நடை. நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவள். வருஷம் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு உழைக்கிறேன்; அந்த மூன்று நாள்தான் என் கண்ணுக்கு. அந்த மூன்று நாளும் அவள் எனக்கு மட்டும் தங்கை.

இந்த வருஷம் ஸ்டேஷனில் போய் நின்றால், வாலுவோடு ஒரு நீலப் பெட்டியும் அதற்குப் பின்னால் நாத்தனாரும்.

“அக்காவுக்கு லீவு கிடைச்சுதுக்கா, கூட்டிட்டு வந்துட்டேன்” என்றாள் வாலு. ஒரே வாக்கியத்தில் இரண்டு அக்கா.

“வாங்க சம்பந்தி, உங்க புண்ணியத்துல நானும் ஊர் பார்க்கிறேன்” என்று நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் வயது, ஆஸ்பத்திரியில் நர்ஸ். சிரித்து வைத்தேன். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. யார் வந்தால் என்ன, மூன்று நாளில் என் தங்கையை என் பக்கம் திருப்பாமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு கட்டினேன்.

ஹாஸ்டலில் பெண்களுக்கான அறை. எட்டுக் கட்டில், அடுக்கு அடுக்காக, ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை. கீழே ஒரு மதுக்கடை. அங்கே அடிக்கிற டிரம் எங்கள் தலையணையில் கேட்டது. அது ஓய்ந்ததும் ஒருத்தி பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். இன்னொருத்தி விடியற்காலையில் பிளாஸ்டிக் பைக்குள் எதையோ தேடினாள், தேடினாள், தேடிக்கொண்டே இருந்தாள். என் கட்டில் கதவுப் பக்கம். கதவு சாத்தும்போதெல்லாம் என் பல் ஆடியது. நாத்தனார் மட்டும் கும்பகர்ணனுக்குக் கூடப்பிறந்தவள்போல் தூங்கினாள்.

“நைட் டூட்டி பார்த்தவளுக்கு இதெல்லாம் தாலாட்டு” என்றாள் காலையில். வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

முதல் நாள் மணிக்கூண்டு. மூன்று மாதமாக நான் படம் பார்த்து வைத்திருந்த மணிக்கூண்டு, பழுது பார்க்கிறார்களாம், உச்சி வரைக்கும் பச்சைத் துணி போர்த்தி நின்றது. “ஏன்க்கா, விசாரிச்சுட்டு வரக் கூடாதா?” என்றாள் வாலு. மறுநாள் நாத்தனார் தப்பான பஸ்ஸில் ஏற்றி எங்கேயோ ஒரு பழைய சாமான் சந்தையில் இறக்கிவிட்டாள். அது மட்டும் “எவ்ளோ ஜாலியா இருக்குல்ல!” என்றானது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்! அங்கே வாலு கூட்டத்துக்குள்ளிருந்து “அக்கா, இங்க வாயேன்!” என்று கத்தினாள். இரண்டு பேரும் திரும்பினோம். ‘வாயேன்’ என்றால் நான்தான். ஆனால் நான் கூட்டத்தை விலக்கிப் போய்ச் சேர்வதற்குள் நாத்தனார் அவள் தலையில் ஒரு தொப்பியை வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அருங்காட்சியகம் நன்றாகத்தான் இருந்தது. பழைய தொலைநோக்கிகள் ஒரு அறை நிறைய. லென்ஸ் எப்படித் தேய்த்திருக்கிறார்கள் என்று வாலுவுக்குக் காட்டலாம் என்று திரும்பினால், அவள் பெஞ்சில் நாத்தனார் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைக்கத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை, ஆறு மணிக்கு மேலிருக்கும். கதவு இன்னொரு தடவை இடித்தது. நான் எழுந்து உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டேன். நாத்தனார் குளித்துத் தயாராகியிருந்தாள்.

“என் கட்டில்ல போய்ப் படுங்க சம்பந்தி. அது மூலை, சத்தம் கம்மி. நான் கீழ போய்க் காப்பி வாங்கிட்டு வரேன்.”

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. உடம்பு கேட்கவில்லை. போய்ப் படுத்துத் திரையை இழுத்துக்கொண்டேன்.

கண் செருகும்போது குளியலறையிலிருந்து வாலு வந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, கட்டிலில் முதுகைச் சாய்த்துத் தலை துவட்டுகிற சத்தம் கேட்டது.

“அக்கா” என்றாள் மெதுவாக.

“ம்” என்றேன்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

பிறந்ததிலிருந்து என்னை அவள் ‘நீங்க’ என்றதில்லை. அந்த நிமிஷமே திரையை விலக்கியிருக்க வேண்டும். விலக்கவில்லை. என்னதான் பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டுவிடுகிற ஆசை.

“இனிமே இந்த மாதிரி டூர் என்னால முடியாதுக்கா. ரெண்டு ராத்திரியாக் கண்ணே மூடல. எனக்கு எப்பவுமே இது பிடிக்காது. எங்க அக்காவுக்காகத்தான் வருஷா வருஷம் வர்றேன். நான் வரலைன்னா அவ எங்கயும் போக மாட்டா. அவளுக்கு வேற யாரு இருக்கா, சொல்லுங்க? நீங்க இருந்தாக் கொஞ்சம் லேசா இருக்கும்னுதான் உங்களையும் இழுத்துட்டு வந்தேன். அவ மனசு நோகாம எப்படிச் சொல்றதுன்னு நீங்கதான் ஒரு வழி சொல்லணும்.”

நான் திரையை உள்ளிருந்து இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“சரி, தூங்குங்க. அப்புறம் சொல்லுங்க” என்று எழுந்து போனாள்.

முதலில் கோபம்தான் வந்தது. வா வா என்று நான் காலில் விழுந்தேனா? பிறகு அவமானம், காது மடல் வரைக்கும் சுட்டது. பதினோரு வருஷம்! அரை மில்லிமீட்டர் பிசகினால் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு, பக்கத்தில் நடந்து வந்தவளின் முகம் தெரியவில்லை. இவ்வளவுக்கு நடுவிலும், பாழும் மனசு, இதைக்கூட அவளிடம்தானே சொல்ல வந்தாள் என்றுதான் புழுங்கியது. தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

மத்தியானம் ஆற்றங்கரைப் பூங்காவில் ரயிலுக்கு நேரம் போக்கிக்கொண்டிருந்தோம். பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னேன்.

“வாலு, அடுத்த வருஷம் எனக்கு லீவு கிடைக்காது. கடையில புது மெஷின் வருது. இனிமே இந்த டூரெல்லாம் கஷ்டம்தான்.”

“அச்சச்சோ” என்றாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பொய் வராது. “பரவால்லக்கா, வேலைதானே முக்கியம்.” ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. என் கையிலிருந்த ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். மூன்று நாளில் அவள் அப்படி ருசித்துச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. பிறகு தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று துள்ளிக்கொண்டு போனாள்.

நாத்தனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சம்பந்தி, காலைல என்கிட்ட என்னவோ சொன்னேங்கிறா. நான் அப்போ கீழ காப்பிக்கு வரிசைல நின்னுட்டு இருந்தேன்.”

பொட்டலத்தை மடித்து வைத்தேன். “நீங்க என்ன சொன்னீங்க?”

“‘ஆமா, கேட்டேன், யோசிச்சுச் சொல்றேன்’னு அவகிட்ட சொல்லிட்டேன். என்னத்தைக் கேட்டேன்னு எனக்கே தெரியாது.” சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. “உங்களைக் காட்டிக் கொடுக்க மாட்டேன். முகமெல்லாம் வீங்கியிருக்கு. அப்படி என்ன சொன்னா?”

கெட்டவளாக இருந்தாலாவது நிம்மதியாகத் திட்டலாம். நல்லவளாக வேறு இருந்து தொலைக்கிறாள். சொன்னால் தோளைத் தருவாள். என் தங்கை சாய்ந்த அதே தோள்.

“‘எங்க அக்கா’ன்னு சொன்னா” என்றேன். “உங்ககிட்ட என்னைப் பத்திப் பேசறப்போ, ‘எங்க அக்கா’ன்னு சொன்னா.”

“வேற?”

“வேற ஒண்ணும் சொல்லல.”