ரிப்பனை அறுத்தவள்

அந்தமானில், மாயாபந்தருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆபீஸ் ரூம் பீரோவில் பன்னிரண்டு டேப்லெட்டுகள் ஏழு மாதமாகப் பூட்டிக் கிடந்தன. பேச்சு வராத பிள்ளைகளுக்கும் படிப்பு ஏறாமல் திணறும் பிள்ளைகளுக்கும் என்று மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தவை. வந்த அன்றே கொடுத்திருக்கலாம். ஆனால் பெரிய அதிகாரி ஒருவர் வந்து, கையால் தொட்டு, போட்டோ எடுக்காமல் இந்த நாட்டில் எதைத்தான் கொடுத்திருக்கிறார்கள்? முதல் தேதிக்குக் கடல் கொந்தளித்து கப்பல் கேன்சல். இரண்டாவது தேதிக்கு அதிகாரிக்கு வேறு மீட்டிங். மூன்றாவது தேதிக்குக் காரணம் சொல்லக்கூட ஒருவருக்கும் நேரமில்லை. ஹெட்மாஸ்டர் ஜெகநாதன் மட்டும் பெட்டிகளின் ரோஸ் ரிப்பனில் தூசி படியாமல் ஆயாவை விட்டுத் துடைக்க வைத்தார்.

அந்த ஆபீஸைக் கூட்டிப் பெருக்கும் ஆயா பூங்கோதை. அவள் மகள் சங்கவி அங்கேதான் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது. காது கேட்கும், சொன்னதெல்லாம் புரியும், பேச்சு மட்டும் கிடையாது. பசித்தால் சுவரில் தலையை மோதுவாள். காது வலித்தாலும் அதே சுவர், அதே மோதல். எதற்காக மோதுகிறாள் என்று கண்டுபிடிப்பதற்குள் பெற்றவளுக்குப் பாதி உயிர் போய்விடும்.

மாதம் ஒருமுறை வந்துபோகும் ஸ்பெஷல் டீச்சர் ஷோபனா, தன் போனில் ஒன்றைக் காட்டினாள். சோற்றுத் தட்டின் படம். தொட்டால், "சோறு வேணும்" என்றது.

"படமும் நீங்களே எடுக்கலாம்க்கா. குரலும் உங்க குரலே போடலாம். போன் சின்னது, டேப்லெட்னா இவளுக்கு வசதி."

சங்கவி தொட்டாள். கேட்டாள். மறுபடி தொட்டாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு வீடு போய்ச் சேரும்வரை பூங்கோதை அழுதாள். மறுநாள் காலை பெருக்க வந்தவள், துடைப்பத்தைக் கீழே வைத்தாள், தூசி துடைக்க வாங்கிய சாவியால் பீரோவைத் திறந்தாள், சங்கவியின் பெயர் ஒட்டியிருந்த பெட்டியின் ரிப்பனை அறுத்தாள். திருட்டா? மகளுக்கு வந்ததை மகளுக்கு எடுத்துக்கொடுத்தாள், அவ்வளவுதான்.

வீட்டில் வைத்தே நான்கு மாதத்தில் நூற்று நாற்பது படங்கள் சேர்ந்தன. அப்பாவின் படகு, மழை, தலைவலி, போதும், பக்கத்து வீட்டு நாய், என்னைத் தொடாதே. எல்லாம் பூங்கோதையின் கட்டைக் குரலில். சுவரில் மோதுவது குறைந்து, பிறகு நின்றேபோனது.

நான்காவது தேதிக்கு அதிகாரி நிச்சயம் வருகிறார் என்று தகவல் வந்தது. முந்தைய நாள் பெட்டிகளைத் தூக்கிப் பார்த்த ஜெகநாதனுக்கு ஒன்று லேசாக இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நேரே பூங்கோதையிடம் வந்தார்.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்கே பூங்கோதை!"

"சங்கவி பேர் எழுதின பெட்டிதான் சார்."

"பேரையா கேட்டேன்? இப்போ ஒண்ணு பண்ணு. உள்ள இருக்கிற எல்லாத்தையும் அழிச்சு புதுசாக்கி, பேக் பண்ணிடு. ஆபீசர் சாப் கொடுப்பார், வாங்கிக்கோ. போட்டோ எடுத்ததும் காம் கதம், வேலை முடிஞ்சது. அப்புறம் திரும்பப் படம் எடுத்துக்கோயேன்!"

படங்களை வேறெங்காவது பத்திரமாக எடுத்து வைக்க முடியுமா என்று ஷோபனாவைத்தான் கேட்க வேண்டும். இரண்டு நாளாக நெட்வொர்க் செத்துக் கிடந்தது.

"நாலு மாசப் பேச்சு சார். அழிக்க மாட்டேன்."

"உனக்கு கான்ட்ராக்ட் வேலை. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ராத்திரி முழுக்க அதுதான் ஞாபகம் இருந்தது. பயந்தாள், நன்றாகவே பயந்தாள். ஆனாலும் அழிக்கவில்லை.

விழா நாளில் ஷாமியானா போட்டார்கள். குழந்தைகளின் குரலுக்கு மதிப்பளிக்க வேண்டும் என்று அதிகாரி முக்கால் மணி நேரம் பேசினார். அந்த முக்கால் மணியும் குழந்தைகள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். பிறகு ஒவ்வொரு பெயராக அழைத்தார்கள். அம்மாவோடு சங்கவி மேடையேறினாள். கழுத்தில் நாடா கட்டி டேப்லெட் தொங்கியது. ஓரம் சிராய்த்து, திரையில் பருப்புக் கறை.

ஜெகநாதன் காலிப் பெட்டியில் புது ரிப்பன் கட்டி அதிகாரி கையில் கொடுத்திருந்தார். "பெட்டியைப் பிடி, சிரி, இறங்கு," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

பூங்கோதை கை நீட்டவில்லை. "அது காலி, சார்."

அதிகாரி பெட்டியை அசைத்துப் பார்த்தார். பிள்ளையின் கழுத்தைப் பார்த்தார். "இது யார் திறந்தது?" என்றார் ஹிந்தியில்.

"பெருக்கும்போது தெரியாம நடந்துபோச்சு, சாப்," என்று ஜெகநாதன் அதே ஹிந்தியில் பூசி மெழுகினார்.

பூங்கோதைக்குச் சுர்ரென்று ஏறியது. ஹிந்தி அவளுக்கும் வரும், சந்தையில் சண்டை போட்டுக் கற்றது. "தெரிஞ்சுதான் நடந்தது, சாப். நான்தான் திறந்தேன்."

"யாரைக் கேட்டு? மன்னிப்புக் கடிதம் எழுதித் தரணும்."

"எழுதித் தர்றேன். திறந்தேன்னு எழுதுவேன். தப்புன்னு எழுத மாட்டேன்."

கேமராக்காரன் கேமராவை இறக்கினான். அப்போது சங்கவி திரையைத் தொட்டாள். மைக் பக்கத்திலேயே இருந்ததால் பூங்கோதையின் குரல் ஷாமியானா முழுக்கக் கேட்டது: "அம்மா, பாத்ரூம்."

யாரோ சிரித்தார்கள். பூங்கோதை சிரிக்கவில்லை. போன வருஷம் பிரேயரில் நின்றபடியே பாவாடையை நனைத்ததற்காக, பழக்கிக் கூட்டிவா என்று இதே பிள்ளையை இரண்டு மாதம் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் மகளின் கையைப் பிடித்தாள். ரிப்பன் கட்டிய காலிப் பெட்டியோடு நின்ற அதிகாரியைத் தாண்டி மேடையிலிருந்து இறங்கினாள்.

பாத்ரூமில் சங்கவி சாவகாசமாகவே இருந்தாள். பூங்கோதையும் அவசரப்படுத்தவில்லை. ஐந்து நிமிஷத்தில் கதவு தட்டப்பட்டது.

"பூங்கோதை! சாப் காத்துக்கிட்டிருக்கார்!"

"காத்திருக்கட்டும் சார்," என்றாள் உள்ளேயிருந்து. "நாங்க ஏழு மாசம் காத்திருந்தோம்."