ஜெலுத்தோங்கில் ஒரு கோல்ஃப் திடல்

உலகத் தமிழர் அனைவரின் மேலான கவனத்திற்கு: பினாங்கு ஜெலுத்தோங் வட்டாரத்து வரிசை வீடு ஒன்றின் பின்புறத்தில், துணி காயப்போடும் கம்பிக்கும் சமையலறைச் சாக்கடைக்கும் நடுவே, கோல்ஃப் திடல் ஒன்று உதயமாகிவிட்டது. இனி அங்கே புல் வளராது, புல் இருக்கும்.

இந்த அறிவிப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுக் குணாளன் பாராட்டுக்காகக் காத்திருந்தார். ஒரு சித்தப்பா கும்பிடு போடும் படம் அனுப்பினார். பைராம் தோட்டத்து மாமா, "எத்தன மாடு மேயும் மாப்ள?" என்று கேட்டிருந்தார்.

குணாளனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் உடனே எழுந்தார். எழுந்தால் கால்கள் தாமாகவே பின்பக்கம் போய் நின்றன. காரணம் இல்லாமல் இல்லை. புக்கிட் தெங்கா தொழிற்சாலை ஒன்றில் அவர் மேற்பார்வையாளர். அங்கே துணை மேலாளர் நாற்காலி காலி. டத்தோ பட்டம் பெற்ற பொது மேலாளர் சுலைமானோடு ஞாயிறுதோறும் கோல்ஃப் ஆடும் மூவரில் ஒருவர் கோலாலம்பூருக்கு மாற்றலாகிவிட்டதால் அங்கேயும் ஓர் இடம் காலி. நாற்காலிக்குப் போகும் பாதை புல்வெளி வழியாகத்தான் போகிறது என்பது குணாளனின் ஆராய்ச்சி முடிவு. அந்தத் துணிச்சலில்தான் லிஃப்டில் டத்தோவிடம், "கோல்ஃபா? வீட்டுலயே கிரீன் போட்டு வச்சிருக்கேன் டத்தோ!" என்று சொல்லித் தொலைத்தார்.

"அப்படியா! வந்து பாத்துரணும்லா," என்றார் டத்தோ.

லிஃப்ட் தரைக்கு இறங்குவதற்குள் வரும் ஞாயிறு மாலை ஐந்து மணி என்று முடிவாகிவிட்டது. அதுவரை குணாளன் கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டதில்லை. வீட்டில் கிரீன் என்கிற குழித் திடலும் அப்போது இல்லை.

உணவகங்களுக்கும் ஃபுட்சால் அரங்குகளுக்கும் செயற்கைப் புல் போடும் ஃபிக்ரியை அவசரமாகப் பிடித்தார். ஃபிக்ரி மண்ணைச் சுரண்டினார், கல்தூளைக் கொட்டி இடித்தார், பச்சைச் சுருளைப் பாய்போல விரித்து ஓரங்களில் ஆணி அறைந்தார், மேலே மணலைத் தூவித் துடைப்பத்தால் தேய்த்தார். கடைசியில் ஒரு குழியும் அதில் ஒரு சிவப்புக் கொடியும்.

"இது மேல லோரியே ஏத்தலாம் பாஸ்," என்று நற்சான்றும் கொடுத்தார்.

லோரி ஏறலாம், செருப்பு ஏறக்கூடாது என்று குணாளன் சட்டம் போட்டார். 'காலணிகளைக் கழற்றவும்' என்று எழுதிச் சமையலறையின் பின்கதவில் ஒட்டினார்.

துணி காயப்போடும் கம்பியில் பாதியை இழந்திருந்த அவர் மனைவி ஜெகதீஸ்வரி அந்த அட்டையைப் படித்தார். "பக்கத்துலயே ஒரு உண்டியலும் வச்சிருங்க. வர்றவங்க சும்மாவா போவாங்க?"

"ஒனக்கு இதெல்லாம் புரியாது. இது வேற உலகம்."

"அந்த உலகத்துலயும் பந்து நம்ம சாக்கடைக்குத்தானே ஓடுது?"

ஓடத்தான் செய்தது. வேலை முடிந்து வந்து, வெயில் தாழ்ந்த பிறகு, குணாளன் வெறுங்காலோடு பயிற்சி எடுத்தார். பாதத்துக்கு இதமாக இருந்தது. பந்து மட்டும் குழியைத் தவிர மற்ற எல்லா இடங்களையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

ஞாயிறு பகல் டத்தோவிடமிருந்து செய்தி வந்தது. பக்கத்தில்தான் ஒரு கல்யாணச் சாப்பாடு. மாலை வரை எதற்கு, இப்போதே எட்டிப் பார்த்துவிடுகிறேன். குணாளன் சட்டைப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். அதற்குள் கார் வந்துவிட்டது.

பூப்போட்ட பட்டிக் சட்டையில் வந்த டத்தோ, வழக்கப்படி தோல் செருப்பை முன்வாசலில் விட்டுவிட்டு வீட்டுக்குள் நடந்து, பின்கதவு அட்டையைப் படித்தார். "பலே! எங்க கிளப்புல கூட இந்த ஒழுக்கம் இல்ல குணா."

குணாளன் மட்டையோடு முதலில் இறங்கினார்.

காலையிலிருந்து பினாங்கு வெயில் அந்தப் பிளாஸ்டிக்கைத் தோசைக்கல்லாகக் காய்ச்சி வைத்திருந்தது. உள்ளங்கால் கண்ட உண்மை உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் இப்போது துள்ளிக் குதித்தால் நாற்காலி போய்விடும். பல்லைக் கடித்து, அதையே புன்னகையாகக் காட்டினார். "வாங்க டத்தோ."

டத்தோ நம்பி வந்தார். முதல் எட்டு கம்பீரமாக இருந்தது. அடுத்தது நுனிக்காலில். அதற்கடுத்து அவர் தரையில் இல்லை.

"அல்லா! என்னா குணா இது, அடுப்பா?"

"மொதல்ல அப்படித்தான் இருக்கும் டத்தோ. பழகிரும்."

"எதுக்குலா பழகணும்!" டத்தோ திடலின் நடுவுக்குத் தப்பிப் போய், கைக்குட்டை அளவுக் கொடியின் நிழலில் ஒற்றைக் காலை ஊன்றி நின்றார். மற்றக் காலுக்கு நிழல் போதவில்லை.

கதவோரம் ஜெகதீஸ்வரி. "ஏங்க, தீமிதின்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? பாவம், அவரு வெரதம் இருந்துட்டு வந்திருப்பாரு!"

"தங்கச்சி, தண்ணி!" என்று அலறினார் டத்தோ.

ஜெகதீஸ்வரி குழாயைத் திறந்து விட்டார். புல்லிலிருந்து ஆவி கிளம்பியது. அந்த ஈரத்தில் வழி கண்டு டத்தோ சமையலறைக்கு ஓடி, துணி ஊறவைக்கும் பேசினில் இரண்டு பாதங்களையும் முக்கினார். ஜெகதீஸ்வரி அவர் கையில் வடைத் தட்டைக் கொடுத்தார்.

குணாளன் மட்டும் புல்லை விட்டு நகரவில்லை. ஒரே ஒரு அடி காட்டிவிட்டால் போதும். கால் மாற்றிக் கால் தூக்கியபடி மட்டையை வீசினார். பந்து நெளிந்து வளைந்து உருண்டு, வரலாற்றில் முதல் முறையாகக் குழிக்குள் விழுந்தது.

"டத்தோ! பாத்தீங்களா?"

"பாக்கல குணா," என்றார் டத்தோ, தலையைத் திருப்பாமல். "வட நல்லா இருக்கு தங்கச்சி. இன்னொண்ணு வைங்க."

குணாளன் நொண்டிக்கொண்டே உள்ளே வந்து, ஞாயிறு ஆட்டத்துக்கு நாலாவது ஆள் விஷயத்தை எடுத்தார்.

"வாங்களேன், அதுக்கென்ன? டாக்டர் நடக்கச் சொன்னாரு, நடக்குறேன். ஒண்ணே ஒண்ணு, அங்க யாரும் கம்பெனிப் பேச்சு எடுக்கக்கூடாது. எடுத்தா அன்னிக்கி எல்லாருக்கும் தேத்தண்ணி அவன் செலவு."

அடுத்த மாதம் துணை மேலாளர் பதவி, அதே தொழிற்சாலையின் ரோஹானாவுக்குப் போனது. நாற்காலி காலியான நாளிலிருந்து அந்த வேலையை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.