இரண்டாம் மாடியில் மேல்நடுத்தரம்

இரண்டாம் மாடியில் ஆபீசரம்மா வீட்டுக் கதவு ஒரு சாண் அளவுக்குத்தான் திறக்கும். பால் வாங்கினாலும் சரி, மின்கட்டணச் சீட்டு வாங்கினாலும் சரி, அந்த இடைவெளியில் முதலில் ஒரு கை வரும், பிறகு ஒரு சிரிப்பு வரும், பிறகு கதவு சாத்திக்கொள்ளும். பெரிய இடம், அப்படித்தான் இருப்பார்கள் என்று குடியிருப்பில் பேசிக்கொண்டார்கள். பேசியவர்களில் ஒருவர்கூட முன்னறையைத் தாண்டிப் போனதில்லை.

அவள் கணவர் நிதித் துறையில் வெளிநாட்டுக் கடன் பிரிவில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கோப்புக்கு எண் போடுவது, நாடா கட்டுவது, அலமாரியில் வைப்பது, இதுதான் வேலை. குடியிருப்புக்குக் குடிவந்த நாளில் யாரோ ஒருவர் வாய்தவறி ‘ஆபீசர்’ என்று கூப்பிட்டார். திருத்தியிருக்கலாம். அவள் திருத்தவில்லை. அன்றையிலிருந்து அவள் ஆபீசரம்மா.

அந்த முன்னறையைச் சொல்ல வேண்டும். இரண்டு பிரம்பு நாற்காலி, ஒரு கண்ணாடி மேசை, யாரும் குடிக்காத ஆறு பீங்கான் கோப்பைகள். அதற்குப் பின்னால் தரையைத் தொடும் அரக்கு நிறத் திரைச்சீலை. திரைக்கு அப்பால் இரண்டு அறை, ஒரு கட்டில், ஒரு பாய், ஓர் அடுப்பு, இதயம் வீங்கிப்போன ஒரு கணவர். மீதி எல்லாம் மூன்று வருடத்தில் மாத்திரையாகிவிட்டன.

விற்றதிலும் ஒரு நேர்த்தி இருந்தது. பக்கத்துத் தெருவில் விற்றால் வெளியே தெரியும் என்று, இரண்டு பஸ் மாறிப் போய்ப் பழைய சாமான் கடைக்காரரைப் பிடித்து வருவாள். படியிறங்கும்போது அவரிடம் உரக்க, “சீக்கிரம் ரிப்பேர் பண்ணிக் குடுங்க, அது இல்லாம கையொடிஞ்ச மாதிரி இருக்கு” என்பாள். அப்படித்தான் குளிர்பெட்டி ரிப்பேருக்குப் போனது. தொலைக்காட்சி போனது. கடைசியாகத் தையல் மெஷினும் போனது. எதுவும் திரும்பி வரவில்லை என்பதை எதிர்வீட்டு டெய்லரம்மா கவனிக்காமல் விட்டதுதான் அதிசயம். யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் போட்டது என்று சொல்லக்கூடியவள் அவள். ஆனால் ஆபீசர் வீட்டில் பழசு போனால் புதுசு வரும் என்று அவளே முடிவு கட்டியிருந்தாள். முடிவு கட்டிய விஷயத்தை யார் போய் எட்டிப் பார்ப்பார்கள்?

இந்த நிலையில்தான் நாடு கடனைக் கட்ட முடியாமல் கையை விரித்தது. கடன் கொடுத்தவர்கள் வந்து உட்கார்ந்து நிபந்தனை போட்டார்கள்: மருந்து, பால், மண்ணெண்ணெய் எல்லாவற்றிலும் சலுகை இனி ஏழைகளுக்கு மட்டும். பிறந்த குழந்தைவரை தலைக்கு இவ்வளவு கடன் என்று வானொலியில் ஒரு தொகை சொன்னார்கள். கீழ்வீட்டுக் கண்டக்டர், தான் தினமும் பயணிகளுக்குப் பாக்கி வைக்கும் சில்லறையே தனக்குப் பெரிய கடன் என்றும், இந்தக் கடனைத் தன் தலையில் எழுதினவர்களே வந்து டிக்கெட் எடுக்கட்டும் என்றும் சொன்னார். நம்ம ஆபீசர் கையெழுத்துப் போட்ட கோப்புதானே என்று டெய்லரம்மா மேலே பார்த்துச் சிரித்தாள்.

வீடு வீடாகக் கணக்கெடுப்பு வரப்போகிறது என்றார்கள். படிவத்தின் நகல் ஒன்று கண்டக்டர் கைக்கு எப்படியோ வந்தது. குளிர்பெட்டிக்குப் பத்து மதிப்பெண், தொலைக்காட்சிக்கு எட்டு, துணி துவைக்கும் மெஷினுக்குப் பன்னிரண்டு, சோபாவுக்கு ஆறு. நாற்பதுக்குள் இருந்தால் ஏழை, நீல அட்டை, சலுகை உண்டு. நாற்பதுக்கு மேல் நடுத்தரம். அறுபதுக்கு மேல் மேல்நடுத்தரம். இந்த இரண்டுக்கும் எதுவும் கிடையாது.

பிள்ளைக்குப் பெண் பார்க்கும்போதும், வாடகைக்கு வீடு கேட்கும்போதும், ‘நாங்க நடுத்தரக் குடும்பம்’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன குடியிருப்பு அது. ஒரே வாரத்தில் எல்லோருக்கும் ஏழையாகிவிட வேண்டும் என்று ஒரு துடிப்பு. சோபாக்கள் சொந்தக்காரர் வீட்டுக்கு விருந்து போயின. மொட்டைமாடியில் வைத்த இரண்டு தொலைக்காட்சிகள் மழையில் நனைந்து உயிரை விட்டன. கண்டக்டர் தன் நல்ல சட்டைகளைக்கூட மூட்டை கட்டி, படிவத்தில் சட்டைக்கு மதிப்பெண் இல்லை என்று மனைவி படித்துக் காட்டிய பிறகு அவிழ்த்தார்.

ஆபீசரம்மாவுக்கு மட்டும் ஒளித்து வைக்க ஒன்றும் இல்லை. வாழ்க்கையில் முதன்முறையாக அது நிம்மதியாக இருந்தது. சலுகை இருந்தால் கணவரின் ஒரு மாத மாத்திரை ஒரு நாள் காய்கறிச் செலவு. இல்லாவிட்டால் பாதி பென்ஷன். அந்த பென்ஷனையும் சிக்கனம் என்று சொல்லிப் பாதியாக்கியிருந்தார்கள். அவள் மனதுக்குள் ஒரு திட்டம் இருந்தது. கணக்கெடுப்பவர் வருவார். கதவைச் சாத்துவாள். திரையை விலக்குவாள். அவர் ஒருவர் மட்டும் பார்ப்பார், எழுதிக்கொள்வார், போய்விடுவார். நீல அட்டையைப் பர்சுக்குள் வைத்து, இரண்டு பஸ் மாறிப் போய் வேறொரு மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டால் ஈ காக்கைக்குத் தெரியாது.

கணக்கெடுப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் டெய்லரம்மா கதவைத் தட்டினாள். பின்னால் கண்டக்டர், துணி துவைக்கும் மெஷினைக் கட்டிப்பிடித்தபடி.

“அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்கு எப்படியும் நீல அட்டை குடுக்கப் போறதில்ல. இருக்கறதோட இன்னும் நாலு சாமான் கெடந்தா உங்களுக்கு என்ன கொறஞ்சிடப் போகுது? எங்களுக்கு அப்படி இல்லக்கா. பசங்க பாலு போயிடும்.”

ஆபீசரம்மா வாசற்படியில் நின்றாள். இடமில்லை என்று சொல்ல முடியாது; எல்லா வீடும் ஒரே அளவு. பயமாக இருக்கிறது என்றால் ஆபீசர் வீட்டுக்கு என்ன பயம் என்பார்கள். ஒரே ஒரு வாக்கியம் போதும், எங்கள் வீட்டில் எதுவுமே இல்லை என்று. அது தொண்டைவரை வந்தது. மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்குவதுபோல அதை விழுங்கினாள்.

“முன்ரூம்லயே வைங்க,” என்றாள். “உள்ள எடமில்ல.”

உள்ளே அடுப்படியிலிருந்து கட்டில்வரை பந்து உருட்டி விளையாடலாம்.

டெய்லரம்மாவின் குளிர்பெட்டி வந்தது, சோபா வந்தது, கண்டக்டரின் தொலைக்காட்சியும் மெஷினும் வந்தன, அவர் மச்சானுடைய ஏர்கூலர் ஒன்று கேட்காமலே வந்தது. எல்லாரும் போன பிறகு ஆபீசர் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார்.

“என்னடி, கடை போடப் போறியா?”

அவள் விவரம் சொன்னாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். நாளைக்கு வருகிறவனிடம் உள்ளதைச் சொல்லிவிடு என்றார். கதவைச் சாத்திவிட்டு, எது யாருடையது என்று அவனிடம் மட்டும் சொல்கிறேன் என்றாள். அப்புறம் அந்தக் குளிர்பெட்டியைத் திறந்து, உள்ளே எரிந்த விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் பதினோரு மணிக்குக் கணக்கெடுப்பாளர் வந்தார். செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்த மனிதர். வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி போலும், கண்ணில் தூக்கம், கையில் அவசரம். ஆபீசரம்மா அவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தப் போனாள். கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு கால் இருந்தது. டெய்லரம்மாவின் கால்.

“சாட்சிம்மா,” என்றார் கணக்கெடுப்பாளர். “ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்காரங்க ஒருத்தர் கூட இருந்து பார்த்துக் கையெழுத்து போடணும். புது ரூலு.”

டெய்லரம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். அவள் வீடு அரைமணி நேரம் முன்புதான் இருபத்திரண்டு மதிப்பெண்ணில் முடிந்திருந்தது. கண்டக்டருக்குப் பதினான்கு; பரீட்சையில் பெயிலானதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை யாரும் பார்த்ததில்லை.

கணக்கெடுப்பாளர் பேனாவால் சாமான்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். குளிர்பெட்டி. சோபா. தொலைக்காட்சி. மெஷின். கூலர். பீங்கான் கோப்பைகளுக்குக்கூட ‘அலங்காரப் பொருள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. பிறகு நிமிர்ந்தார்.

“எல்லாம் உங்களுதுதானாம்மா?”

படியில் கண்டக்டரின் இருமல் கேட்டது. திரைக்குப் பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. கணவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் காத்திருக்கிறார். டெய்லரம்மா சேலை முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால், அப்படியானால் உங்களுடையது எங்கே என்று கணக்கெடுப்பாளர் கேட்பார். திரையை விலக்க வேண்டும். டெய்லரம்மா பார்ப்பாள். மத்தியானத்துக்குள் நாலு மாடியும் பார்த்த மாதிரிதான்.

“எங்களுதுதான்,” என்றாள்.

“உள் ரூம்?”

அவர் திரைக்குக் கை நீட்டினார். அவள் நகர்ந்து திரைக்கு முன்னால் நின்றாள்.

“அவரு தூங்கறாரு. உள்ளயும் இதே மாதிரிதான். இன்னும் கொஞ்சம் இருக்கு.”

கணக்கெடுப்பாளருக்கு இன்னும் முப்பது வீடு பாக்கி. ‘உள்ளறை: மேற்படி’ என்று எழுதி, கூட்டி, எண்பத்தெட்டு என்று வட்டம் போட்டார். டெய்லரம்மா குனிந்து கையெழுத்துப் போட்டாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும், முன்னறைச் சாமான் கணக்கைத் தவிர மற்றதெல்லாம் உண்மை என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலமே சாமான்கள் அவரவர் வீட்டுக்குத் திரும்பின. உதவிக்கு நன்றியாக டெய்லரம்மா இரண்டு தலையணை உறை தைத்துக் கொடுத்தாள். ஓரத்தில் பூ வேலை வேறு. ஆபீசர் அந்த உறைகளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. விளக்கேற்றும் நேரத்தில் மட்டும், “கடன் பிரிவுல முப்பது வருஷம் இருந்தேன். இல்லாததை இருக்குன்னு எழுதற கோப்பை நெறையப் பார்த்திருக்கேன்,” என்றார்.

ஒரு மாதம் கழித்துக் கதவு கதவாக ஒட்டுச்சீட்டு ஒட்டிப்போனார்கள். குடியிருப்பு முழுக்க நீலம். இரண்டாம் மாடியில் மட்டும் ஒரு வெள்ளை: மேல்நடுத்தரம். படியேறுகிறவர்கள் நின்று படித்துவிட்டுப் போனார்கள். ஆபீசரம்மா தினமும் கதவைத் துடைக்கும்போது அந்தச் சீட்டையும் துடைத்தாள். ஒரு மூலை பிரிந்து தொங்கியபோது, கிழித்தெறிய நல்ல சந்தர்ப்பம். உள்ளே போய்ப் பசை எடுத்துவந்து ஒட்டினாள். ஏன் ஒட்டினோம் என்று பிறகு வெகுநேரம் அடுப்பு முன்னால் உட்கார்ந்து யோசித்தாள். அவளுக்கே விடை பிடிக்கவில்லை.

மருந்துக் கடைக்காரர் குடும்ப எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, நீங்கள் நல்லா இருக்கிறவர்கள், சலுகை வராது என்று மரியாதையாகச் சொன்னார். அவள் ஒரு மாதத்துக்கு வேண்டியதில் பாதி வாங்கினாள். வீட்டுக்கு வந்து சவரக் கத்தியால் மாத்திரைகளைப் பாதியாக வெட்டினாள். அடுத்த மாதம் பாதியையும் பாதியாக்கினாள். தூளாக உதிர்ந்ததை ஈரவிரலால் ஒற்றி அவர் நாக்கில் வைத்தாள்.

“மாத்திரைகூட மெலிஞ்சு போச்சே,” என்றார் அவர். “நாட்டுக் கடனை நான்தான் அடைக்கிறேன் போல.”

மேல்முறையீட்டுக்கு அறுபது நாள் அவகாசம் இருந்தது. சாமான் தன்னுடையது என்று சாட்சி ஒருத்தர் எழுதிக் கொடுத்தால் போதும். ஐம்பத்தெட்டாவது நாள் ஆபீசரம்மா எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். அவள் யார் வீட்டுக் கதவையும் தட்டியதாகச் சரித்திரமில்லை; டெய்லரம்மா பதறிப்போய், உட்காரச் சொல்லிச் சோபாவில் கிடந்த துணிகளை அள்ளினாள். நிலைக்கண்ணாடி இடுக்கில் நீல அட்டை செருகியிருந்தது. குளிர்பெட்டி முனகிக்கொண்டிருந்தது. தரையில் இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு தம்ளருடன், மேலுதட்டில் பால் மீசையோடு உட்கார்ந்திருந்தன.

“அக்கா, நீங்க அன்னிக்கு செஞ்சதை நான் சாகற வரைக்கும் மறக்கமாட்டேன்,” என்றாள் டெய்லரம்மா. “இன்னொருத்தரா இருந்தா காட்டிக் குடுத்திருப்பாங்க. சொல்லுங்கக்கா, என்ன வேணும்?”

ஆபீசரம்மா பிள்ளைகளைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள்.

“கொஞ்சம் ஐஸ் இருந்தா குடு. நம்மது சரியா உறைய மாட்டேங்குது.”

டெய்லரம்மா கிண்ணம் நிறைய ஐஸ் கொடுத்தாள். ஆபீசரம்மா அதைக் கையில் ஏந்தி, தன் வீட்டுக் கதவை ஒரு சாண் திறந்து, உள்ளே போய்த் தொட்டியில் கொட்டினாள். அது கரைகிறவரை பக்கத்திலேயே நின்றாள். கட்டிலில் இருந்து, என்ன சத்தம் என்று அவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றாள்.

அவர் இன்னும் ஐந்து வாரம் உயிரோடு இருந்தார். ஒரு காலையில் பாதியின் பாதியை நாக்கில் வைக்கப் போனபோது வாய் திறக்கவில்லை.

உடலைக் கட்டிலோடு தூக்கித்தான் ஆக வேண்டும், திரை மாட்டிய கம்பி தடுக்கிறது என்று கண்டக்டர் சொன்னார். யாரையும் கேட்காமல் ஸ்டூல் போட்டு ஏறி, கம்பியோடு திரையைக் கழற்றினார். அரக்குத் துணி பொத்தென்று விழுந்தது.

நாலு மாடியும் அங்கே நின்றுகொண்டிருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். சுவரில் குளிர்பெட்டி நின்ற இடத்தில் வெளுத்த ஒரு நீள்சதுரம். தொலைக்காட்சி இருந்த இடத்தில் நாலு ஆணி. மூலையில் ஒரு பாய். ஜன்னல் திண்டில் சவரக் கத்தியும், அதன் பக்கத்தில் வெள்ளைத் தூள் ஒட்டிய ஒரு தட்டும். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். டெய்லரம்மா மட்டும் அந்த வெளுத்த சதுரத்தைப் பார்த்து, உதடு அசைய என்னவோ எண்ணினாள். பத்து, எட்டு, ஆறு என்று இருக்கலாம். எண்ணி முடித்தபோது முகத்தில் ரத்தமில்லை.

ஆபீசரம்மா கணவரின் காலடியிலிருந்து எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, பால்காரரிடம் சிரிக்கும் அதே சிரிப்பைச் சிரிக்கப் பார்த்தாள்.

“பெயின்ட் அடிக்கலாம்னு சாமானெல்லாம் எடுத்து வெளிய குடுத்து வச்சிருக்கோம்,” என்றாள்.

கண்டக்டர் ஸ்டூலிலிருந்து இறங்க மறந்து நின்றார். கடைசியில் டெய்லரம்மாதான் முன்னால் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆமாக்கா,” என்றாள். “போன வாரமே சொன்னீங்களே.”